ஏழு சென்டிமீட்டர் கூடுதல்: ஒரு மலையேற்றப் பை வலித்ததன் காரணங்கள்

நேர்வு

வேளச்சேரியில் வசிக்கும் பெண், வயது 36. உயரம் 158 செ.மீ., எடை 58 கிலோ. வார நாட்களில் மேசை வேலை, காலையில் நடைப்பயிற்சி. முதுகிலோ முழங்காலிலோ பழைய கோளாறு எதுவும் இல்லை. நண்பர்களோடு திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் ஒரே நாளில் ஏறி இறங்கத் திட்டமிட்டு, அதற்கென்றே 40 லிட்டர் முதுகுப்பை ஒன்று வாங்கினார். கடையில் சொன்னது: "எடுத்துக்கோங்க மேடம், நாப்பது லிட்டர்னா எந்த டூருக்கும் ஆகும். ஸ்பாஞ்ச் பாருங்க, எவ்வளவு மெத்துனு இருக்கு."

காலி பையை மாட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மலையில் நிலைமை மாறியது. முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு தோளிலும் எரிச்சல். அடுத்து வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. கடப்பாரைப் படி வந்ததும் பை பின்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏறும் இடம் அது. அங்கே இரண்டு கையும் வேண்டும், பையைப் பிடித்துக்கொள்ளக் கை மிச்சமிருக்காது. இறங்கும்போது கீழ்முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்றது. மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

ஸ்பாஞ்ச் போதவில்லை, இன்னும் தடித்த ஸ்பாஞ்ச் உள்ள பை வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. பலரும் அப்படித்தான் முடிவெடுத்து இரண்டாவது பையிலும் அதே வலியை விலை கொடுத்து வாங்குகிறார்கள். இந்த நேர்வில் பை நல்ல பைதான். தையல், துணி, ஜிப் எதிலும் குறை சொல்ல முடியாது. அது வேறொருவர் முதுகுக்கு அளவெடுத்துச் செய்தது, அவ்வளவே.

முதுகின் நீளம்

பையின் அளவு என்றதும் எல்லோரும் லிட்டரைக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது முதுகின் நீளம். இதை ஆள் உயரத்திலிருந்து ஊகிக்கக் கூடாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், மற்றவருக்கு முதுகு நீளமாக இருக்கும். 5 செ.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம்.

அளக்க இன்னொருவர் துணையும் தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப்பும் வேண்டும். இரும்பு டேப் உதவாது, முதுகின் வளைவோடு ஒட்டி வராது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முண்டாகத் துருத்தும். ஏழாவது கழுத்தெலும்பு அது, அளவு அங்கே தொடங்கும். கீழ் எல்லைக்கு, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக் கட்டைவிரல்கள் பின்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். கை உட்காரும் மேடுதான் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து முதுகில் ஒரு கோடு கிழித்ததாக வைத்துக்கொண்டால், அந்தக் கோடு முதுகெலும்பைத் தொடும் இடத்தில் அளவு முடியும். தலையை நிமிர்த்தி, சாதாரணமாக நின்றபடி, டேப்பை முதுகோடு ஒட்டவிட்டு அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தை இடுப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. பலருக்கும் பேன்ட் இடுப்பெலும்புக்குக் கீழேயே நிற்கிறது.

இவருக்கு வந்த அளவு 41 செ.மீ. பையில், தோள் வார் முதுகுப் பலகையோடு சேரும் இடத்திலிருந்து இடுப்பு பெல்ட்டின் நடுப்பகுதி வரை 48 செ.மீ. சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு பிரிக்கும் நிறுவனங்கள் ஏறத்தாழ 38 முதல் 43 வரை சிறியது, 43 முதல் 48 வரை நடுத்தரம், 48 முதல் 53 வரை பெரியது என்று வைத்திருக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் ஓரிரு சென்டிமீட்டர் மாறும். அந்தக் கணக்கில் இவர் சிறியதின் நடுவில் இருக்கிறார், பை பெரியதின் வாசலில் நிற்கிறது.

இந்த 7 செ.மீ. எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். பெல்ட்டைச் சரியாக இடுப்பெலும்பின் மேல் கட்டினால் தோள் வார் தோளுக்கு மேலே எழும்பி நிற்கும், தோளுக்கும் வாருக்கும் இடையில் சந்து விழும், பை பின்னால் சாயும். சாய்வது பிடிக்காமல் தோள் வாரை இறுக்கினால் பை முழுவதும் கீழே இறங்கி, பெல்ட் இடுப்பெலும்பை விட்டுப் புட்டத்தின் மேல் போய் உட்காரும். எலும்பு தாங்காத இடத்தில் கட்டிய பெல்ட் எதையும் சுமக்காது. இவர் செய்தது இரண்டாவது. பெல்ட் கட்டியிருந்தும் பையின் 10.5 கிலோவும் தோளில்தான் தொங்கியது. உயரமான படியில் காலைத் தூக்கும்போதெல்லாம் தொடை பெல்ட்டின் அடி விளிம்பை மேலே தள்ள, பை ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை ஏறி இறங்கியது. கீழ்முதுகில் தோல் வழன்றது அந்த ஓயாத உராய்வால்.

விரல் மரத்துப்போனதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை, தோளின் முன்பக்கம் குறுக்கே ஓடும் காறை எலும்புக்கு அடியில் போகிறது. வார் அங்கே மணிக்கணக்கில் அழுத்தினால் விரல் மரக்கும், முற்றினால் கை தூக்கும் பலமே குறையும். மருத்துவத்தில் இதற்கு ரக்சாக் பால்சி என்று பெயரே உண்டு. பையை இறக்கிக் கொஞ்ச நேரத்தில் உணர்வு திரும்பிவிட்டால் வார் பிரச்சினை. அடுத்த நாளும் மரப்போ பலக் குறைவோ இருந்தால் பைக்கடைக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். இவருக்கு அன்று மாலையே சரியாகிவிட்டது.

பைக்குள் என்ன இருந்தது

சமையலறைத் தராசிலும் சூட்கேஸ் நிறுக்கும் தொங்கு தராசிலுமாக, அன்று கொண்டுபோன சாமான்களைத் திரும்ப அடுக்கி நிறுத்ததில் வந்த கணக்கு:

காலி பை: 1.5 கிலோ
தண்ணீர் 3 லிட்டர், எவர்சில்வர் பாட்டில்களோடு: 3.75
டிபன் டப்பாவோடு புளியோதரை: 0.9
பழம், கடலை மிட்டாய், பேரீச்சை: 0.6
போர்வை: 0.5
மாற்றுத் துணி, தடித்த துண்டு: 0.7
20,000 எம்ஏஎச் பவர் பேங்க்: 0.4
ஹெட்லேம்ப், முதலுதவிப் பொருட்கள்: 0.3
கேமரா: 0.75
குடை: 0.3
தேங்காய், எண்ணெய், கற்பூரம்: 0.8
மொத்தம்: 10.5 கிலோ

உடல் எடையில் 18 சதவீதம். ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் அளவுகோல். கூடாரத்தோடு பல நாள் போகிறவர்களுக்குத்தான் 20 சதவீதம் என்பார்கள். இவர் கூடாரம் இல்லாமலே அந்த எடையை நெருங்கிவிட்டார். 40 லிட்டர் பை வாங்கினால் 40 லிட்டருக்குச் சாமான் சேர்ந்துவிடும். இடம் இருக்கிறதே என்றுதான் போர்வை உள்ளே போனது.

குறைக்கக் கூடாதது தண்ணீர். வட தமிழ்நாட்டு மலைகளில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து அடிக்கும்போது 3 லிட்டர் ஆடம்பரம் கிடையாது. மேலே கிடைக்கும் என்று நம்பிப் போவது ஆபத்து. தண்ணீரின் எடையும் யாருக்கும் மாறாது, லிட்டருக்கு ஒரு கிலோ. பாட்டிலின் எடையை மட்டும் குறைக்கலாம். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பையும் (குழாய் வைத்து உறிஞ்சும் வகை, காலியாக சுமார் 150 கிராம்) ஒரு லிட்டர் லேசான பாட்டிலும் சேர்ந்து 3.3 கிலோவில் முடிந்தது. வனத்துறைச் சோதனைச் சாவடிகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்திவைக்கிறார்கள் என்பதால் திரும்பத் திரும்பப் பயன்படும் பாட்டிலே நல்லது.

சாப்பாடு வாழையிலைப் பொட்டலமாக மாறி 0.5 கிலோ ஆனது. போர்வைக்குப் பதில் காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் 0.25, துணியும் மெல்லிய துண்டும் 0.35, பவர் பேங்க் பாதி அளவில் 0.2, நொறுக்குத் தீனி 0.4. கேமராவும் குடையும் வீட்டில் தங்கின. பூஜைச் சாமானை ஐந்து பேரும் பிரித்துக்கொண்டதில் இவர் பங்கு 0.2. ஹெட்லேம்ப்பும் முதலுதவியும் அப்படியே 0.3. ஒரு கிலோ எடையுள்ள புதுப் பையும் அதற்குள் விரிக்கும் தடித்த பாலித்தீன் உறையும் சேர்த்து 6.55 கிலோ. இதுவும் 10 சதவீதத்துக்கு மேல்தான், 11-ஐத் தாண்டுகிறது. ஆனால் அதில் பாதி தண்ணீர். ஏறி முடிப்பதற்குள் ஒன்றரை லிட்டர் வயிற்றுக்குள் போய்விடும்.

லிட்டர் கணக்கு இதற்குப் பிறகுதான் வரும். வீட்டில் இருக்கும் 20 லிட்டர் பக்கெட்டில் எல்லாச் சாமானையும் அடுக்கிப் பார்ப்பது நல்ல உபாயம். இவருடையது பக்கெட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. ஆக 22 முதல் 28 லிட்டர் வரை போதும். மழைக்காலத்தில் கூடுதலாகச் சேரும் சாமானுக்கும் அதில் இடம் இருக்கும்.

கடையில் செய்த சோதனை

சென்னையில் இப்போது பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளும் பை நிறுவனங்களின் சொந்தக் கடைகளும் நிறைய. ஆனால் மாட்டி நடந்து பார்ப்பவர் குறைவு, எடையோடு மாட்டிப் பார்ப்பவர் அதைவிடக் குறைவு. சுமை இல்லாமல் மாட்டினால் எந்தப் பையும் நல்ல பைதான். இவர் கையோடு கொண்டுபோனது: 5 கிலோ அரிசிப் பை ஒன்று, ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று, ஒரு துண்டு. அரிசி முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும், கீழே சரியக் கூடாது. அதற்காகத்தான் துண்டு, அதைச் சுருட்டி அடியில் வைக்க வேண்டும். கடை ஊழியர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் எல்லா வாரையும் முழுக்கத் தளர்த்த வேண்டும். பையை மாட்டி, பெல்ட்டின் மெத்தைப் பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பை நடுவில் கவ்வும்படி வைத்து, பெல்ட்டை முதலில் இறுக்க வேண்டும். பிறகு தோள் வாரை, அது தோளைச் சுற்றி ஒட்டும் வரை மட்டும் இழுக்க வேண்டும். கடைசியாக மார்பு வார், காறை எலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே, ஆழமாக மூச்சு இழுத்தால் தடுக்காத அளவுக்கு. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தோள் வாரை இறுக்கி, பெல்ட்டைக் கடைசியில் ஒப்புக்குப் பூட்டுகிறார்கள். அப்போது சரியான அளவுப் பையும் தவறான பை போலவே வலிக்கும்.

இதன் பிறகு பார்க்க வேண்டியவை. தோள் உச்சியில் வாருக்கு அடியில் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும், நுழையாவிட்டால் எடை இன்னும் தோளில்தான் இருக்கிறது. தோள் வாரை முழுக்கத் தளர்த்திவிட்டாலும் பை இடுப்பில் நிற்க வேண்டும், சறுக்கக் கூடாது. பெல்ட்டை இறுக்கிய பிறகும் இன்னும் 5 செ.மீ.யாவது இறுக்க வார் மிச்சமிருக்க வேண்டும், இல்லையென்றால் வியர்த்து நனைந்ததும் தளரும் பெல்ட்டை மறுபடி இழுக்க இடம் இருக்காது. தோள் வாரின் மெத்தை அக்குளுக்குக் கீழே நான்கு விரலாவது இறங்கி முடிய வேண்டும். அக்குளிலேயே முடிந்தால் வெறும் நாடா தோலை அறுக்கும். அண்ணாந்து பார்த்தால் பின்தலை பையில் இடிக்கக் கூடாது. முழங்காலை இடுப்பளவு தூக்கினால் பெல்ட் நகரக் கூடாது. கடைசி இரண்டும் பர்வதமலைக்கு எழுதி வைத்த சோதனைகள். கம்பியைப் பிடித்து ஏறும்போது கண் எப்போதும் மேலேதான் இருக்கும்.

மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் அவசியம். விரல் ஆழப் புதைந்தால் அது கடைக்காகச் செய்த மெத்தை, இரண்டு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். சற்று விறைப்பாக எதிர்த்து நிற்பதுதான் சாயங்காலம் வரை தாங்கும். முதல் பையின் வார் கைக்கு மெத்தென்று இருந்ததற்கும் தோளில் நாடா போல அறுத்ததற்கும் காரணம் ஒன்றே.

பலரும் எட்டிப் பார்க்காத இன்னொரு விஷயம் முதுகுப் பலகை. இடுப்பு பெல்ட் எடையைத் தாங்க வேண்டுமென்றால் பையின் முதுகில் விறைப்பான ஏதோ ஒன்று இருக்க வேண்டும்: பிளாஸ்டிக் தகடு, அலுமினியப் பட்டை, கம்பிச் சட்டம், இவற்றில் ஒன்று. அரிசி வைத்த பையைத் தரையில் நிறுத்தி மேலிருந்து இரண்டு கையாலும் அழுத்தினால் முதுகு மடங்கிச் சுருண்டதா? அந்தப் பையில் எவ்வளவு பெரிய பெல்ட் வைத்தாலும் அலங்காரம்தான். எடை மேலிருந்து கீழே இறங்க வழி கிடையாது.

மூன்று பைகள் போட்டியில் நின்றன. ஒன்று 30 லிட்டர், வலை முதுகு, ஒரே அளவு, முதுகு நீளம் 46 செ.மீ. மாட்டியதும் காற்றோட்டம் சுகமாக இருந்தது, ஆனால் நீளம் அதிகம் என்பதால் தோள் வாரை ஒட்டும்படி இழுத்ததும் எடை தோளுக்கே போய் இருவிரல் சோதனையில் தோற்றது. இரண்டாவது 22 லிட்டர், லேசானது, விலையும் குறைவு, ஆனால் பெல்ட் வெறும் இரண்டு செ.மீ. அகல நாடா. இந்த நாடா பை ஆடாமல் பிடிக்கும், சுமக்காது. சுமை 4 கிலோவுக்குள் நிற்கும் ஆளுக்கு இதுவே நல்ல தேர்வு, கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. இவருக்கு 6.5 கிலோ, அதனால் தள்ளப்பட்டது. மூன்றாவது 26 லிட்டர், பெண்களுக்கான வடிவம், தோள் வாரை 39 முதல் 46 செ.மீ. வரை ஏற்றி இறக்கலாம், மெத்தை வைத்த பெல்ட், பிளாஸ்டிக் தகடு. இதை 41-இல் நிறுத்தி, அரிசியோடு அந்தக் கடையின் மாடிப்படியில் இருபது நிமிடம் ஏறி இறங்கியதில் தேறியது.

பெண்களுக்கான பை என்றால் ஊதா நிறம் என்று நினைப்பவர்கள் உண்டு. வித்தியாசம் வாரில் இருக்கிறது. இரண்டு வார்களுக்கும் இடைவெளி குறைவு, மார்பை ஒட்டி வளைந்து போகும், பெல்ட் இடுப்பின் சரிவுக்கேற்பச் சாய்ந்திருக்கும். டாய்ட்டர் நிறுவனம் இந்த வடிவத்தை எஸ்எல் என்று குறிக்கிறது. ஆஸ்ப்ரே பல பைகளைப் பெண்களுக்கென்று தனிப் பெயரில் விற்கிறது. குறுகிய தோளுள்ள ஆண்களும் இதை மாட்டிப் பார்க்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. தோள் வாரின் உச்சியிலிருந்து பையின் மேற்பகுதிக்கு இழுத்துக் கட்டும் சிறு வார் இருந்தால் அது தோளிலிருந்து பைக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் போக வேண்டும். 25 லிட்டர் அளவுப் பைகளில் அது இல்லாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை.

வலை முதுகா, ஒட்டிய முதுகா

சென்னைக்காரர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், காரணம் வியர்வை. வலை முதுகுப் பையில் முதுகுக்கும் பைக்கும் நடுவே சில சென்டிமீட்டர் சந்து இருக்கும், காற்று போகும். அந்தச் சந்துக்கு ஒரு விலை உண்டு. சுமை அத்தனை தூரம் முதுகை விட்டு விலகுகிறது, பின்னால் இழுக்கும் விசை கூடுகிறது. மண் பாதையிலும் சமதள நடையிலும் இது தெரியாது. கொல்லிமலை ஆகாய கங்கைப் படிகளில் கூடப் பெரிதாகத் தெரியாது. உடல் செங்குத்தாகி, கையால் உடலை இழுக்க வேண்டிய கடப்பாரைப் படியிலும் ஏணிப் படியிலும் நன்றாகத் தெரியும். போகும் இடம் அப்படியென்றால் முதுகை ஒட்டி நிற்கும், நடுவில் காற்றுக்கு நீளவாக்கில் பள்ளம் விட்ட பையே சரி. இவர் எடுத்தது அந்த வகை. சட்டை நனையும். நனைந்தால் நனையட்டும், வலை முதுகிலும் நம் புழுக்கத்துக்குச் சட்டை காய்ந்து வந்ததில்லை. உறிஞ்சிக் காயும் பாலியஸ்டர் சட்டை போட்டால் போதும். பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரிக்கும்.

ரெயின் கவரைப் பற்றி ஒரு வார்த்தை. அது முதுகுப் பக்கத்தை மூடாது, தோளில் விழும் மழை அந்த வழியாக இறங்கும். முட்புதரில் மாட்டினால் கிழியும். பைக்குள் தடித்த பாலித்தீன் உறையை விரித்து அதற்குள் சாமானை வைத்து வாயை முறுக்கி மடித்துவிட்டால் ஐப்பசி மழைக்கும் தாங்கும். நாகலாபுரம் பக்கம் ஓடையில் இறங்கி நடக்கும்போதும் தாங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், இந்த உறை பல முறை பயன்படும் வகையாக இருக்க வேண்டும். மலையில் விட்டுவரவும் கூடாது.

பிறகு நடந்தவை

புதுப் பையை விலைச்சீட்டு கிழிக்காமல், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதல் வாரம் அடுக்குமாடிப் படிகளிலேயே 6.5 கிலோவோடு ஏறி இறங்கினார். காலில் புழுதியில்லாத இடத்தில் சோதித்தால் மாற்ற வேண்டி வந்தாலும் தகராறு வராது. அடுத்தது திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து அரை நாளில் போய்வரக்கூடிய நல்ல சோதனைக்களம் அது. பரங்கிமலைப் படிகள் இன்னும் பக்கம், ஆனால் ஏற்றம் சீக்கிரம் முடிந்துவிடும். பையின் குணம் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் வெளியே வரும்.

திருக்கழுக்குன்றத்தில் தோள் எரியவில்லை, விரல் மரக்கவில்லை. புதிதாக வேறொன்று முளைத்தது: இடது இடுப்பில், பெல்ட்டுக்கு அடியில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்த தழும்பு. பெல்ட்டில் தையல் துருத்தவில்லை, மெத்தையும் சரி. காரணம் சுடிதார் பேன்ட்டின் நாடா முடிச்சு. பெல்ட் எடையைத் தாங்கத் தொடங்கியதால்தான் முடிச்சு தெரிந்தது. முந்தைய பையில் பெல்ட் எதையும் சுமக்காததால் முடிச்சும் உறுத்தவில்லை. எலாஸ்டிக் வைத்த, பக்கத் தையல் மெல்லிய டிராக் பேன்ட்டுக்கு மாறியதும் தழும்பு போயிற்று. ஆண்களுக்கு இதே வேலையைச் செய்வது தோல் பெல்ட்டின் பக்கிளும் பின்பாக்கெட் பர்ஸும். தோள் வாருக்கு அடியில் சிக்கும் கழுத்துச் சங்கிலியும் உள்ளாடை வாரின் கொக்கியும் அந்தப் பட்டியலில் சேரும். பை மாட்டும் முன் இவற்றைக் கவனிப்பது இரண்டு நிமிட வேலை. புதுப் பை சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் சிலருக்கு இதுவே போதும்.

இரண்டாம் முறை பர்வதமலை ஏறியபோது அடுக்கிய விதம்: அடியில் ஜாக்கெட்டும் துணியும், முதுகை ஒட்டித் தண்ணீர்ப் பை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்படி பாட்டிலும் சாப்பாடும், வெளியே லேசான சாமான்கள். கனமானது முதுகை விட்டு விலகினால் வலை முதுகுக்குச் சொன்ன அதே கேடு வரும். தண்ணீர்ப் பையை மற்றச் சாமானுக்கு முன் வைத்து நிரப்ப வேண்டும். அடைத்த பைக்குள் கடைசியில் திணித்தால் முதுகுப் பலகை உருளையாகப் புடைத்து நடுமுதுகில் குத்தும். பாட்டிலைப் பக்கப் பாக்கெட்டில் வைக்கவில்லை, ஒரு பக்கம் மட்டும் ஒரு கிலோ தொங்கினால் நாள் முழுக்க உடல் அதைச் சமன் செய்துகொண்டே நடக்கும். தவிர, இந்தப் பையின் பக்கப் பாக்கெட் இறுக்கம். மாட்டியபடியே பாட்டிலை எடுக்க முடிந்தது, திரும்பச் செருக முடியவில்லை. இந்தப் பையில் உள்ள நிஜமான குறை அது ஒன்றுதான்.

பாதை எளிதாக இருக்கும்போது தோள் வாரை ஒரு விரல் தளர்த்தி முழு எடையையும் இடுப்புக்கு விட்டார். கடப்பாரைப் படிக்கு முன் நின்று, பெல்ட், தோள் வார், மார்பு வார் மூன்றையும் இறுக்கி, பையின் இரு பக்கத்து அமுக்கு வார்களையும் இழுத்துக் கட்டினார். அது செய்யாவிட்டால் பாதி காலியான தண்ணீர்ப் பை உள்ளே ஆடும். ஏறி முடிந்ததும் திரும்பத் தளர்த்த வேண்டும், மறந்தால் மூச்சு முட்டும். மேலே புளியோதரை முடிந்தபின் பெல்ட்டுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இறங்கி வந்தபோது தோளில் லேசான சிவப்பு, அன்றிரவே மறைந்தது. கீழ்முதுகில் எதுவும் இல்லை. தொடை வலி இருந்தது. அதைப் பையின் தலையில் போட முடியாது.

பழைய 40 லிட்டர் பை இப்போது அவர் தம்பியிடம். அவருக்கு முதுகு 49 செ.மீ. அதே பையில் 11 கிலோ வைத்து இரண்டு நாள் நடந்துவிட்டு, இதைவிட வசதியான பை கிடையாது என்கிறார்.

பராமரிப்பு

வியர்வை உப்பு காய்ந்தால் வார் மரப்பட்டை போல விறைத்துப் புதிதாகத் தோலை உரசும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வாரையும் முதுகையும் வெறும் தண்ணீரில் அலசி, தேவையானால் லேசான சோப்பு போட்டு, எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாக நிழலில் தொங்கவிட வேண்டும். வாஷிங் மெஷின் கூடாது, வெயிலும் கூடாது. உள்துணியில் பூசியிருக்கும் பாலியூரிதேன் பூச்சு ஈரக்காற்றில் மெல்லச் சிதையும். சென்னையில் பரணில் மூட்டை கட்டி வைத்த பைகள் ஒட்டிக்கொண்டு, பொடிப்பொடியாக உதிர்ந்து, ஒரு புளித்த வாடையோடு வெளியே வருவது அதனால்தான். பரணை விட அலமாரியில் வாயைத் திறந்து தொங்கவிடுவது மேல், உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். தண்ணீர்ப் பையின் குழாயில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். கழுவிய பின் குழாயைக் கழற்றி, பையின் வாய்க்குள் ஒரு கரண்டியைச் செருகி விரித்துக் காயவிட வேண்டும்.

நடந்துகொண்டிருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெல்ட் தானாகத் தளர்ந்தால் பக்கிளின் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது நாடா பக்கிளுக்கு மெலிது. பை முழுவதையும் தூக்கிப் போட வேண்டாம். நாடாவின் அகலத்தை அளந்தால் பெரும்பாலும் 20, 25 அல்லது 38 மி.மீ. இருக்கும். அதே அகலத்துக்குப் பக்கிள் மட்டும் வாங்கி, பை தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது நாடாவின் நுனியை இரண்டு மடிப்பாக மடித்துக் குறுக்கே தைக்கச் சொல்ல வேண்டும். நுனி தடித்து நின்றால், இழுவையில் பக்கிளை விட்டு உருவிக்கொண்டு வராது.